வெளிநாடு போனவர்களின் பெயரில் ஓடும் வேலைகள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “அண்ணை, ஒரு மெசினிலை எல்லாற்றை பேரிலையும் ஓடுற வேலையளை என்னெண்டு ஒரேயடியாப் பாக்கிறது?” கட்டளை எது என்று அவர் கேட்கவில்லை. கட்டளை இணையத்தில் நாலு இடத்தில் கிடக்கிறது. அவர் அதை அடித்தும் பார்த்துவிட்டார். வந்த விடையை நம்பலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் ஒற்றை வரிப் பதில் இல்லை. எங்கள் தீவில் நாரந்தனை என்ற ஊரில் ஒரு கிணற்றடியில் நான் நின்ற மத்தியானம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. போரால் இடம்பெயர்ந்து திரிந்த காலம். எங்கள் பக்கத்தில் பலருக்கு அப்படித்தான். பிறகு தீவில் ஒரு குடிநீர்ச் சங்கத்தில் ஜெனரேற்றர் பார்க்கச் சேர்ந்தேன். கரண்ட் போனால் ஜெனரேற்றரைப் போட்டுவிட்டு கொம்பியூட்டர் எழும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பார்க்கப் போய், கொம்பியூட்டரைப் பார்ப்பதே என் வேலையாகி, அதிலேயே ஓய்வும் பெற்றேன்.

பயந்த ஆள் நான். வீட்டைப் பூட்டிவிட்டுப் படலை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். “உங்களுக்குப் பூட்டிலை நம்பிக்கை இல்லையோ, உங்களிலை நம்பிக்கை இல்லையோ?” என்று மனைவி கேட்பாள். இரண்டிலும் இல்லை. வெளியில் இது ஒரு வியாதி. இந்தத் தொழிலில் இது ஒரு குறையே அல்ல என்று இப்போது நான் தயங்காமல் சொல்வேன். பயம் வந்தால் அதை அடக்கப் பார்க்காதீர்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போய் நிற்க வேண்டும் என்று யோசியுங்கள்.

எங்கள் சங்கத்தின் அலுவலகம், நாங்கள் சொல்வது கந்தோர், ஊர்காவற்றுறையில் இருந்தது. அங்கே ஒரு லினக்ஸ் மெசின். எந்தத் தாங்கிக்கு எப்போது தண்ணீர் ஏற்றுவது, எந்த மோட்டரை எப்போது போடுவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. நேரத்தைக் குறித்து ஒரு வேலையைச் சொல்லி வைத்தால், அந்த நேரம் வந்ததும் அது செய்யும். அப்படிச் சொல்லி வைப்பவர் தன் பெயரில் சொல்லி வைக்கலாம், மெசினின் பெயரிலும் சொல்லி வைக்கலாம்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒருவர் பொறுப்பு. அந்த ஊரின் வேலைகளை அவர் தன் பெயரில்தான் போட்டு வைப்பார். நாரந்தனையில் தண்ணீர் வரவில்லை என்றால் சனம் சங்கத்தைப் பேசாது. அங்கே பொறுப்பாக இருந்த ரஞ்சனைத்தான் திட்டிப் பேசும். பேச்சு வாங்குகிறவன் பெயரில் வேலை கிடக்கட்டும் என்பது எங்கள் நியாயம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். போனவரின் கடவுச்சொல்லைப் பூட்டி வைப்போம். பயனர் கணக்கை அழிக்க மாட்டோம். தீவில் பாதி வீடுகள் அப்படித்தானே இருக்கின்றன? கதவில் பூட்டு, சாவி பக்கத்து வீட்டில். ஒருவனின் பெயரை அழிப்பது, இனி நீ வரமாட்டாய் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வது போல. ஒருவருக்கும் அதற்கு மனம் வரவில்லை.

இரண்டு வழக்கமும் தனித்தனியே நல்லவைதான். இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

பழைய மெசினின் டிஸ்க் கரகரக்கத் தொடங்கியது. புதிய மெசின் வந்தது. மாற்றும் பொறுப்பு தர்சினியிடம். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு எங்களிடம் வந்த பொறியியலாளர். அவரைப் போல ஒழுங்காக வேலை செய்கிறவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. மெசினின் பெயரில் இருந்த வேலைகளை எடுத்தார். பிறகு ஒவ்வொரு பயனரின் பெயராக எடுத்து, உன் பேரில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்கும் ஒரு சின்ன நிரல் எழுதினார். உள்ளே வரக்கூடிய எல்லாப் பயனர்களும் அதில் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து பார்த்தோம். இருவருக்கும் சரியாகத்தான் பட்டது. கதவு பூட்டின வீட்டுக்குள் அடுப்பு எரியும் என்று யார்தான் நினைப்பார்கள்?

“எல்லாரும் வந்திட்டினமோ பிள்ளை?”

“எல்லாரும் வந்திட்டினம் அண்ணை. நீங்கள் இப்ப மூண்டாந்தரம் கேக்கிறியள்.”

“நாலாந்தரமும் கேப்பன்.”

“கேளுங்கோ. பதில் மாறாது.”

மாற்றிய அன்று காலை எல்லாம் நன்றாக நடந்தது. பழைய மெசினை நிற்பாட்டினார், புதியது எழும்பியது, தாங்கிகளின் அளவு திரையில் வந்தது. கந்தோரில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் வந்தது. நான் குடிக்காமல் மோட்டச்சைக்கிளை எடுத்தேன்.

“எங்கை அண்ணை?” என்றார் தர்சினி.

“நாரந்தனைக்கு. மோட்டரைப் பாத்திட்டு வாறன்.”

“மோட்டர் இஞ்சை திரையிலை தெரியுதே.”

“திரையிலை தெரியிறது மெசின் சொல்லுறது. மோட்டர் என்ன சொல்லுது எண்டு பாப்பம்.”

சிரித்தார். ஆனால் “போகாதேங்கோ” என்று சொல்லவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பெரிய மாற்றம் ஒன்று செய்த நாளில் மெசினுக்கு முன்னால் இருந்து பயனில்லை. தன்னிடம் ஒரு குறையும் இல்லை என்றுதான் மெசின் எப்போதும் சொல்லும். அது ஏவுகிற சாமானுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எல்லா இடத்திலும் நிற்க முடியாது என்றால், பிழைத்தால் திருத்த ஏலாத இடம் எதுவோ, அங்கே நில்லுங்கள்.

எனக்கு அந்த இடம் நாரந்தனைக் கிணறு. அது புவனேஸ்வரி அக்காவின் காணிக்குள் இருந்தது. ஊரில் புவனம் அக்கா என்பார்கள். சுற்றிவர அவருடைய வெங்காயத் தறை, மிளகாய், வேலியோரம் பனைகள். குடும்பம் சாப்பிடுவது அந்தத் தோட்டத்தால், தோட்டம் குடிப்பது அந்தக் கிணற்றால். ஊருக்குத் தாங்கி கட்டியபோது அதே கிணற்றில் சங்கம் மோட்டர் போட அக்கா சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: கிணறு உப்பேறிச் சவராகக் கூடாது. சவரானால் அன்றைக்கே குழாயை வெட்டிவிடுவேன் என்று சொல்லித்தான் விட்டார்.

தீவுத் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக மேலே கிடக்கும், கீழே கடல். அளவோடு இறைத்தால் ஊறிக்கொண்டே இருக்கும். ஓய்வு கொடுக்காமல் இழுத்தால் கீழே இருக்கிற உப்பு ஏறிவரும். ஏறினால் இறங்காது, இறங்கினாலும் எத்தனை மாரி பெய்ய வேண்டுமோ தெரியாது. அதற்குள் வெங்காயமும் போகும், ஊரின் குடிநீரும் போகும்.

நான் போனபோது மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, இண்டைக்குப் பெரிய மனிசர் எல்லாம் வந்திருக்கினம்?”

“மெசின் மாத்தினது அக்கா. சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்.”

“சும்மா வாற ஆளே நீர்? உம்மட முகம் செத்த வீட்டுக்கு வந்த மாதிரிக் கிடக்கு. இரும் அந்தக் கதிரையிலை.”

இருந்தேன். வெயில் ஏறியது. அக்கா கறியை அடுப்பில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு மோட்டர்க் கொட்டிலைப் பார்த்தார்.

“உது ஏன் இன்னும் ஓடுது?”

“தாங்கி நிரம்பேல்லை அக்கா. நிரம்பினா நிக்கும்.”

“தாங்கியை விடும். மத்தியானம் நிக்கவேணும். வெயில் உச்சிக்கு வர நிக்கும், சாய்ஞ்சாப் பிறகுதான் தொடங்கும். கிணறு ஊறவேணுமெல்லே?”

“ஆர் வந்து நிப்பாட்டுறது?”

“ஒருத்தரும் வாறேல்லை. அது தானா நிக்கும்.”

நான் கதிரையை விட்டு எழும்பியது அந்தச் சொல்லுக்குத்தான். எங்கள் தொழிலில் தானாக நடப்பது என்று ஒன்று இல்லை. யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். யார் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். மத்தியானத்தில் நாரந்தனை மோட்டர் நிற்பது கந்தோரில் எங்களுக்கும் தெரியும். தாங்கி நிரம்பித்தான் நிற்கிறது என்று நினைத்திருந்தோம். அக்காவோ கந்தோருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தார்.

கொட்டிலுக்குள் போய் சுவிச்சை நிற்பாட்டினேன். மோட்டர் நின்றது. மூச்சு விட்டேன். அக்கா கறியைக் கிளறிவிட்டு வருவதற்குள் மோட்டர் திரும்பவும் ஓடத் தொடங்கியது. தாங்கி குறைவாக இருக்கிறது, மோட்டர் நிற்கிறது, ஆகவே போடு என்று புதிய மெசின் கட்டளை அனுப்பியிருக்கிறது. அதற்குச் சொல்லப்பட்ட வேலையை அது சரியாகச் செய்தது. போடச் சொல்லும் வேலை புதிய மெசினுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நிற்கச் சொல்லும் வேலை எங்கேயோ விடுபட்டுவிட்டது.

அக்கா வாளியை விட்டு அள்ளி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“என்ன அக்கா?”

“இன்னும் வரேல்லை. ஆனா நீர் மட்டம் நல்லா இறங்கியிட்டுது. எட்டிப் பாரும்.”

பார்த்தேன். மத்தியானத்தில் நான் அங்கே கண்டிராத கல் ஒன்று வெளியே தெரிந்தது. நான் மெயின் சுவிச்சுப் பெட்டியைத் திறந்து பியூசைக் கழற்றினேன். இனி மெசின் எத்தனை முறை சொன்னாலும் மோட்டருக்குக் கேட்காது. பிறகு தர்சினிக்குப் போன் எடுத்தேன்.

“பிள்ளை, நாரந்தனை மோட்டரை மத்தியானத்திலை நிப்பாட்டுற வேலை ஏதும் கிடக்கோ?”

அங்கே விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “இல்லை அண்ணை. போடுற வேலை மட்டுந்தான் கிடக்கு.”

“இஞ்சை ஒவ்வொரு நாளும் நிண்டிருக்கு.”

“அப்ப நான் எடுத்ததிலை ஏதோ விட்டுப்போச்சு,” என்றார். சாட்டு ஒன்றும் சொல்லவில்லை, என்னை மறித்துக் கேள்வியும் கேட்கவில்லை. “மோட்டர் இப்ப ஓடுதோ?”

“பியூசைக் கழட்டிப்போட்டன்.”

“தாங்கி அடியைத் தொடுது அண்ணை. ஊர்ச்சனம் பேசப்போகுது.”

“பேசட்டும். நீர் தேடும்.”

பேச்சு வாங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அடுத்த ஒழுங்கையில் ஒரு கலியாண வீடு. மாப்பிள்ளையின் தகப்பன் சறத்தை மடித்துக் கட்டியபடி மோட்டச்சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஆரப்பா தண்ணியை நிப்பாட்டினது?”

“நான்தான் அண்ணை.”

“நாளைக்குக் கலியாணம் தெரியுமோ? இண்டைக்குச் சமையல்காரர் வந்து இறங்கியிட்டினம். குழாயிலை சொட்டுத் தண்ணி இல்லை!”

“விளங்குது அண்ணை. ஆனாப் போட ஏலாது.”

“ஏலாது எண்டா? பழுதோ?”

“பழுதோ இல்லையோ எண்டு தெரியாது. அதுதான் நிப்பாட்டி வைச்சிருக்கிறன்.”

“தெரியாமலே நிப்பாட்டினனீர்? உம்மட தலைவருக்கு இப்பவே எடுக்கிறன்!”

ஊருக்குத் தண்ணீரை நிற்பாட்ட எனக்கு அதிகாரம் இல்லை. தலைவர் தொலைபேசியில் “போடு” என்றால் நான் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது. நான் நிற்பாட்டியது பிழை என்றால் ஒரு கலியாண வீடு அரை நாள் திண்டாடும், எனக்குத் திட்டு விழும், பின்னேரம் பியூசைப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஓடவிட்டது பிழை என்றால் அந்தக் கிணற்றை நான் எதைப் போட்டும் திருப்பிக் கொடுக்க முடியாது. நிலைமை தெரியாதபோது எது சரி என்று கண்டுபிடிக்க மினக்கெடாதீர்கள். எந்தப் பிழையைத் திருத்தலாம் என்று பாருங்கள்; அந்தப் பிழையைத் துணிந்து செய்யுங்கள். பயந்த ஆளுக்கும் இது ஏலும். எனக்கு ஏலுமாக இருந்தது.

என்னைக் காப்பாற்றியது புவனம் அக்கா.

“அவரை ஏன் பேசுறீர்? கிணறு என்ரை. வாளி கிடக்கு, பொடியளைக் கூட்டிக்கொண்டு வந்து அள்ளிக்கொண்டு போம்.”

“வாளியாலை கலியாணம் நடத்துறதோ அக்கா?”

“என்ரை கலியாணம் வாளித் தண்ணியிலைதான் நடந்தது. மனிசன் இன்னும் என்னை விட்டிட்டு ஓடேல்லை.”

அவர் முறுகிக்கொண்டுதான் போனார். ஆனால் தலைவருக்கு எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பீப்பாய்கள் வந்தன. வாளியால் அள்ளுவது கிணற்றை நோகடிக்காது.

இனி, கந்தோரில் தர்சினி செய்தது. இதை நீங்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். என் பங்கை விட இது பெரிது. பழைய மெசினைத் திரும்பப் போட்டுப் பார்த்தால்தான் விடுபட்டது தெரியும். ஆனால் போட்டவுடன் அதுவும் மோட்டர்களுக்குக் கட்டளை அனுப்பத் தொடங்கும். ஒரு தாங்கிக்கு இரண்டு எசமான்கள். அவசரத்தில் நானாக இருந்தால் அப்படியே போட்டிருப்பேன். அவர் வலையமைப்புக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போட்டார். அந்த டிஸ்க் இன்னொரு தரம் எழும்புமோ என்று அவருக்கும் பயம் இருந்திருக்கும். எழும்பியது.

இந்த முறை அவர் பெயர்களை வைத்துக்கொண்டு வேலைகளைத் தேடவில்லை. வேலைகள் கிடக்கும் இடத்துக்கே போய், அவை யாருடைய பெயர்களில் இருக்கின்றன என்று பார்த்தார். திரும்ப எனக்கு எடுத்தபோது குரல் மாறியிருந்தது.

“அண்ணை, கடவுச்சொல்லைப் பூட்டினா ஆள் உள்ளுக்கு வர ஏலாது. ஆனா அவர் முதலே போட்டு வைச்ச வேலை நிக்காது. அது தன்ரை பாட்டிலை ஓடும். நான் உள்ளுக்கு வரக்கூடிய ஆக்களிட்டை மட்டும் கேட்டிருக்கிறன்.”

“எத்தினை பேர் கிடக்கினம்?”

“எனக்குத் தெரியாத பேர் கனக்க. நான் வாசிக்கிறன், ஆர் எண்டு சொல்லுங்கோ. நவம்?”

“கனடா.”

“இவர் கிழமைக்கு ஒருக்காப் பழைய பைல் அழிக்கிறார். சிறீ?”

“பிரான்ஸ்.”

“இவர் வருசத்துக்கு ஒருக்கா அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புறார்.”

“அவன்ரை அம்மா போய்ச் சேந்திட்டா பிள்ளை.”

“மெசினுக்கு ஆரும் சொல்லேல்லை. ரஞ்சன்?”

“லண்டன். நாரந்தனை அவன்ரை பொறுப்பிலைதான் இருந்தது.”

“இவர் மாமி எண்டு ஒரு வேலை போட்டு வைச்சிருக்கிறார் அண்ணை. ஒவ்வொரு நாளும் மத்தியானம்.”

நான் அக்காவைப் பார்த்தேன். ரஞ்சன் அவருடைய தமையனின் மகன்.

தர்சினி அந்த வேலையைத் திறந்து வாசித்தார். மோட்டரை நிற்பாட்டுகிறது, பின்னேரம் வரை போடாமல் பிடித்து வைக்கிறது, பிறகு விடுகிறது. மாரியில் கொஞ்ச நேரமும் கோடையில் கூட நேரமும் பிடிக்கிறது. ஏன் என்று ஒரு வரி விளக்கமும் இல்லை. உடனே எடுத்துப் புதிய மெசினில் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. “எழுதின ஆளையே கேப்பம் அண்ணை. இந்த நேரம் சரியோ, இதுக்குப் பிறகு ஏதும் மாத்தினவையோ, எனக்குத் தெரியாது.”

ரஞ்சனின் இலக்கம் அக்காவிடம் இருந்தது. நான் போன் எடுத்து அக்காவுக்கும் கேட்கும்படி வைத்தேன். அவன் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தான்.

“அண்ணை! என்ன புதினம்? ஆரும் மோசமோ?”

“ஒருத்தரும் மோசமில்லை. எங்கடை புது இஞ்சினியர்ப் பிள்ளை மெசின் மாத்துது. உன்ரை பேரிலை மத்தியான வேலை ஒண்டு கிடக்கு.”

“அட, அது இன்னும் கிடக்கோ? அழிச்சு விடுங்கோ அண்ணை. நான் அவசரத்துக்குச் செய்தது. நான் போனாப் பிறகு ஒழுங்கா ஒண்டு செய்யிறம் எண்டு சங்கத்திலை சொன்னவை.”

பாருங்கள். எழுதியவனே அழிக்கச் சொல்கிறான். நான் கந்தோரில் இருந்து போன் எடுத்திருந்தால் அத்தோடு அழித்திருப்போம். சங்கம் ஒழுங்காக ஒன்றும் செய்யவில்லை. அவன் அவசரத்துக்குச் செய்தது அவ்வளவு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபடியால் ஒருவருக்கும் அந்த நினைவே வரவில்லை. ஒருவர் தன் வேலையைப் பற்றிச் சொல்வது அவர் போன நாள் வரைக்கும்தான் செல்லும்.

நான் வாய் திறக்க முன் அக்கா போனைப் பறித்தார்.

“டேய், என்னத்தை அழிக்கிறது?”

“ஆ… மாமி! சுகமோ?”

“சுகம் கிடக்கட்டும். இந்தக் கிணத்தடியிலை நிண்டு என்ன சொன்னனீ? மாமி, நீங்கள் யோசியாதேங்கோ, ஒவ்வொரு நாளும் மத்தியானம் கிணறு ஊறும், அதுக்கு நான் பொறுப்பு எண்டு சொன்னனியோ இல்லையோ?”

“சொன்னனான் மாமி. ஆனா அது…”

“இண்டைக்கு அது ஊறேல்லை. மோட்டர் நிக்கேல்லை.”

பிறகு அவன் என்னைக் கேட்டான், குரல் இறங்கிப்போய்: “அண்ணை, கல் தெரியுதோ?”

“தெரியுது.”

“அப்ப நாளைக்குக் காலமை வரைக்கும் போடாதேங்கோ. பின்னேரமும் போடாதேங்கோ. அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ, நேரமெல்லாம் சரியாத்தான் எழுதினனான், அப்பிடியே எடுக்கலாம். அழிக்கச் சொன்னது பிழை.”

பிறகு, “என்ரை பேரையும் எடுத்துப் போடுவியளோ?” என்றான்.

“உன்ரை பேர் கிடக்கும். வேலையை மட்டும் எடுக்கிறம்.”

போனவர்களின் பெயரை வைத்திருங்கள், அது உங்கள் விருப்பம். அந்தப் பெயரில் உயிருள்ள வேலை ஒன்றும் தொங்கக் கூடாது. யார் போகிறாரோ, அவர் விமானம் ஏறுமுன் அவர் பெயரில் என்ன ஓடுகிறது என்று அவரையே பக்கத்தில் இருத்திப் பாருங்கள். எல்லாப் பயனர்களையும் கேட்டேன் என்று சொல்லுமுன், “எல்லாரும்” என்பதற்குள் யாரைச் சேர்த்தீர்கள் என்று பாருங்கள். உள்ளே வர முடியாதவர்களும் சேர்த்தி. ஆட்களே அல்லாத, மெசினின் உள் வேலைக்காக உண்டாக்கிய பெயர்களும் சேர்த்தி. ஒருமுறை மட்டும் ஓடக் காத்திருக்கும் வேலைகள் வேறு இடத்தில் கிடக்கும். டைமர் என்கிற புதுமுறை நேரக்கணிப்பிகள் இன்னொரு இடத்தில் கிடக்கும். தர்சினி அன்று பின்னேரம் எல்லாவற்றையும் தோண்டினார். அழிக்க வேண்டியவை பல இருந்தன. ஒன்றையும் கேட்காமல் அழிக்கவில்லை. சிறீயின் வாழ்த்தை அழிக்கலாமா என்று கேட்க மட்டும் நானே அவனுக்குப் போன் எடுத்தேன். அது வேறு கதை, அதில் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலை தர்சினி என்னோடு நாரந்தனைக்கு வந்தார். அக்கா எங்களைக் கண்டதும் வாளியை விட்டு அள்ளினார், குசினிக்குள் போனார், மூன்று பேணியில் பால் விடாத பிளேன்ரீயோடு வந்தார்.

“சீனி போடேல்லை. குடிச்சுப் பாரும் பிள்ளை.”

சவர்த் தண்ணீர் என்றால் சீனியில்லாத பிளேன்ரீ உடனே காட்டிக்கொடுக்கும். தர்சினி ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார். அக்காவின் கண் அவர் முகத்தை விட்டு அசையவில்லை.

“கசக்குது அக்கா,” என்றார். “கசப்பு மட்டுந்தான்.”

அக்கா தன் பேணியை அப்போதுதான் வாயில் வைத்தார். முழுவதும் குடித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “போடும் தம்பி.”

பியூசைப் போட்டேன். கலியாண வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒழுங்கைக்கு அப்பால் சத்தம் கேட்டது. நாங்கள் போகவில்லை. மத்தியானம் வரை இருப்போம் என்று நான் சொல்ல முன் தர்சினியே கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டார்.

“இப்ப ஆற்றை பேரிலை கிடக்கு?” என்று கேட்டார் அக்கா, வெங்காயத்தாளை ஆய்ந்தபடி.

“ஒருத்தற்றை பேரிலையும் இல்லை அக்கா. மெசினின்ரை பேரிலை போட்டிருக்கிறன். ஏன் நிப்பாட்டுறது, ஆரைக் கேக்காமல் தொடக்கூடாது எண்டு பக்கத்திலையே எழுதிக் கிடக்கு.”

“ஆரைக் கேக்கவேணுமாம்?”

“உங்களை.”

அக்கா ஆய்வதை நிறுத்தினார். “அது சரி. ஆனா நான் ஆரைக் கேக்கிறது? மெசினோடை நான் என்ன கதைக்கிறது? எனக்கு ஒரு மனிசற்றை பேர் சொல்லும்.”

“என்னைக் கேளுங்கோ அக்கா. என்ரை இலக்கத்தைத் தாறன்.”

“நீரும் வெளிநாடு போற ஆளோ?”

தர்சினி என்னைப் பார்த்தார். கந்தோரில் ஒருவருக்கும் தெரியாத விசயம் அது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

“அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் போட்டுக் கிடக்கு அக்கா. இன்னும் மறுமொழி வரேல்லை.”

“வரட்டும், நல்லா வரட்டும். வந்தா, போக முதல் ஒருக்கா இஞ்சை வாரும். ஆரிட்டைக் குடுத்திட்டுப் போறீரோ, அவரையும் கையோடை கூட்டிக்கொண்டு வாரும். நான் முகத்தைப் பாக்கவேணும்.”

“கூட்டிக்கொண்டு வாறன் அக்கா.”

நிழல் காலடிக்குச் சுருங்கியது. தர்சினி கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். திரையைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை என்று விளங்கியது. மோட்டரின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரைச்சல் இறங்கியது, ஒருமுறை இழுத்தது, நின்றது. ஒருவரும் தொடவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம். திரும்ப எழும்பவில்லை. கிணற்றுக்குள் எங்கேயோ கல்லிடுக்கில் இருந்து தண்ணீர் கசிந்து விழும் சத்தம் மெல்லக் கேட்கத் தொடங்கியது.

அக்கா வெங்காயத்தாளை உதறிவிட்டு எழும்பினார்.

“சரி, நிண்டிட்டுது. வாருங்கோ, சாப்பிடுவம்.”